துப்பாக்கி அறையில் நிம்மதி தேடிய மன்னர்

வீட்டுக்கு வீடு எதையாவது சேர்த்து வைக்கும் பேர்வழி ஒருவர் இருப்பார். பையன் தபால்தலை சேர்ப்பான். தாத்தா பழைய காசுகளைத் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருப்பார். "இதை எல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டால் அவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியாது. அந்தப் பெட்டியைத் திறக்கும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். பதில் கிடைத்துவிடும்.

பிரான்ஸ் தேசத்தில் ஒரு மன்னர் இருந்தார். அவர் சேர்த்தது துப்பாக்கி.

பெயர் 13-ம் லூயி. 1610-ம் ஆண்டு முதல் 1643-ம் ஆண்டு வரை ஆட்சி செய்தவர். அலெக்சாந்தர் டூமா எழுதிய "மூன்று மஸ்கட்டீர்கள்" கதையைப் படித்தவர்களுக்கும், சினிமாவில் பார்த்தவர்களுக்கும் இவரைத் தெரியும். அதில் ராஜாவாக வருகிறவர் இவர்தான். "மஸ்கட்" என்பது அந்தக் காலத்து நீண்ட துப்பாக்கி. மஸ்கட் ஏந்திய அந்தக் காவல் படை வெறும் கதை அல்ல. 1622-ம் ஆண்டில் அதை உண்மையாகவே அமைத்தவர் இந்த மன்னர்.

படைக்கு வாங்கிய துப்பாக்கியைப் பற்றி நாம் பேசப் போவதில்லை. தமக்கென்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தாரே, அந்தத் துப்பாக்கிகளைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

அடி வாங்கிய ராஜா

லூயி பிறந்தது 1601-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி. பிறந்த நாளிலிருந்தே ஒரு வைத்தியர் கூடவே இருந்தார். ஹெரோவார் என்பது அவர் பெயர். பிள்ளை எப்போது எழுந்தான், என்ன சாப்பிட்டான், எதற்கு அழுதான், எந்தப் பொம்மையோடு விளையாடினான் என்று ஒன்று விடாமல் நாள்தோறும் எழுதி வைத்தார். 1628-ம் ஆண்டில் சாகும் வரை அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. ஒரு மன்னரின் பிள்ளைப் பருவம் இவ்வளவு விவரமாக நமக்குக் கிடைத்திருப்பது அவரால்தான்.

அந்தப் பருவம் இன்பமாக இல்லை. பையனுக்குத் திக்குவாய். பிடிவாதக்காரன். தகப்பனார் 4-ம் ஹென்றி பாசம் உள்ளவர்தான். ஆனால் 1607-ம் ஆண்டில், பிள்ளையைக் கவனித்துக்கொண்ட சீமாட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். பையன் முரண்டு பிடிக்கும்போதெல்லாம் அடிக்க வேண்டும், தாமும் அந்த வயதில் அடி வாங்கி வளர்ந்தவர்தான் என்று அதில் இருந்தது. அப்போது லூயிக்கு ஆறு வயது.

1610-ம் ஆண்டு மே மாதம் 14-ந் தேதி. பாரிஸ் நகரத்துத் தெரு ஒன்றில் மன்னர் ஹென்றியின் வண்டி நெரிசலில் சிக்கி நின்றது. ஒருவன் வண்டியில் தாவி ஏறி, அவரைக் கத்தியால் குத்திக் கொன்றான். எட்டு வயதுப் பையன் ராஜா ஆனான்.

ராஜா ஆன பிறகும் அடி நிற்கவில்லை. எல்லோரும் குனிந்து கும்பிடுகிறார்கள். அப்புறம் பிரம்பும் வருகிறது. கும்பிடு குறைந்தாலும் பரவாயில்லை, அடி இல்லாமல் இருந்தால் போதும் என்று அந்தப் பிள்ளை சொன்னதாக ஒரு செய்தி உண்டு. கேட்கும்போது சிரிப்பு வருகிறது. கொஞ்சம் நினைத்துப் பார்த்தால் சிரிப்பு போய்விடுகிறது.

ஆட்சியைத் தாயார் மரியா தம் கையில் வைத்துக்கொண்டார். பையனை அரசு காரியத்தில் யாரும் சேர்க்கவில்லை. பேச்சும் சரளமாக வராது. அவன் என்ன செய்வான்? பட்டறைக்குப் போனான்.

பட்டாணி விற்றவர்

லூயிக்குக் கைவேலை என்றால் உயிர். தச்சு வேலை செய்வார். தோலில் சாமான் தைப்பார். பழங்களைச் சர்க்கரையில் போட்டுப் பாகு காய்ச்சுவார். சவரம் கூடக் கற்றுக்கொண்டார். ஒரு நாள் தம் அதிகாரிகளை உட்கார வைத்துத் தாமே தாடியை வழித்து, மோவாயில் ஒரு சிறு கொத்தை மட்டும் மிச்சம் வைத்தாராம். தோட்டத்தில் பச்சைப் பட்டாணி பயிரிட்டுச் சந்தைக்கு அனுப்பி விற்றார் என்றும் அந்தக் காலத்து வம்பர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ராஜாவுக்குத் தகாத வேலை என்று அரண்மனையில் பலர் முகம் சுளித்தார்கள்.

எல்லாவற்றிலும் அவருக்கு மிகவும் பிடித்தது துப்பாக்கி வேலை. சிறு பையனாக இருந்தபோதே சிறிய துப்பாக்கிகளை வைத்திருந்தார். வயது ஏற ஏறத் துப்பாக்கிகளும் பெருகின. அவற்றைச் சுவரில் மாட்டி அழகு பார்ப்பதோடு அவர் நிற்கவில்லை. ஒவ்வொன்றையும் திருகு திருகாகக் கழற்றுவார். துடைப்பார். எண்ணெய் போடுவார். மறுபடியும் பூட்டுவார். விசை எப்படி இழுக்கிறது, வில் எப்படித் தெறிக்கிறது என்று பார்ப்பார். அதிலே மணிக்கணக்கில் மூழ்கி இருப்பார்.

குறி பார்த்துச் சுடுவதிலும் கெட்டிக்காரர். அவருக்கு "ஜூஸ்த் லூயி" என்று பட்டப் பெயர் உண்டு. பிரெஞ்சு மொழியில் "ஜூஸ்த்" என்றால் நீதிமான் என்று ஒரு பொருள்; குறி தவறாதது என்று இன்னொரு பொருள். "நீதியில் எப்படியோ, சுடுவதில் ஜூஸ்த்தான்" என்று ஊரில் கேலி பேசிக்கொண்டார்கள்.

கல்லும் இரும்பும்

அந்தத் துப்பாக்கிகளில் அப்படி என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. துப்பாக்கியின் சரித்திரத்தில் பெரிய மாறுதல் ஒன்று அந்த மன்னரின் கண் முன்னால் நடந்தது.

அதற்கு முன்பு இரண்டு வகைத் துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று திரித் துப்பாக்கி. எரிகிற கயிற்றுத் திரியை மருந்தில் தொட்டால் வெடிக்கும். மலிவானது. ஆனால் திரியை அணையாமல் காக்க வேண்டும். மழை வந்தால் போச்சு. இருட்டில் திரியின் நெருப்பே எதிரிக்கு ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இன்னொன்று சக்கரத் துப்பாக்கி. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல முன்கூட்டியே சாவி கொடுத்து வைக்க வேண்டும். விசையை இழுத்தால் உள்ளே சிறு சக்கரம் சுழன்று கல்லில் உராயும், பொறி பறக்கும். சிகரெட் பற்ற வைக்கிறார்களே லைட்டர், அதே வித்தைதான். நல்ல துப்பாக்கி, ஆனால் விலை அதிகம். பழுதானால் சரி செய்யக் கடிகாரக்காரரைப் போன்ற கைகாரர் வேண்டும்.

மூன்றாவது வழி நார்மண்டிப் பகுதியில் இருந்து வந்தது. அங்கே லிசியே என்ற ஊரில் மரேன் லே பூர்ஷுவா என்று ஒருவர் இருந்தார். அவர் ஓவியர், இசைக் கருவிகளும் செய்வார், துப்பாக்கியும் செய்வார். சகலகலா வல்லவர். 4-ம் ஹென்றி அவருடைய திறமையைக் கண்டு, பாரிசில் லூவர் அரண்மனையிலேயே இடம் கொடுத்தார். சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கியை முழு உருவத்தில் முதலில் செய்த பெருமையைச் சரித்திர ஆசிரியர்கள் அவருக்கே கொடுக்கிறார்கள்.

வேலை செய்யும் விதம் இதுதான். துப்பாக்கியின் பக்கவாட்டில் ஒரு சிறிய இரும்புக் கை இருக்கும். அதன் வாயில் சிக்கிமுக்கிக் கல். விசையை இழுத்ததும் அந்தக் கை கொத்துவது போலப் பாய்ந்து ஓர் எஃகுத் தகட்டில் மோதும். பொறி பறக்கும். அந்தத் தகடே மருந்துக் கிண்ணத்துக்கு மூடியாகவும் இருக்கிறது. மோதிய வேகத்தில் அது பின்னால் சாய, கிண்ணம் திறக்கிறது. பொறி மருந்தில் விழுகிறது. மூடியும் தகடும் ஒன்றாக இருப்பதில்தான் சூட்சுமம். திரியும் வேண்டாம், சாவியும் வேண்டாம். மழைத் தூறலிலும் மருந்து நனையாது. கொத்துகிற அந்தக் கைக்கு ஆங்கிலேயர் "சேவல்" என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் "நாய்" என்றார்கள்.

இந்த முறை ஏறத்தாழ 200 ஆண்டுகள் உலகத்தை ஆண்டது. நெப்போலியனின் சிப்பாய்கள் தோளில் சுமந்ததும் இதைத்தான். அதன் ஆரம்ப காலத் துப்பாக்கிகளில் சில இளம் லூயியின் கையில் இருந்தன. அவற்றைக் கழற்றிப் பார்க்கும்போது அந்த மூடியையும் தகட்டையும் அவர் எத்தனை முறை திறந்து மூடி ரசித்திருப்பார்! எனக்கு அதை நினைத்தால் அவர் மீது கொஞ்சம் பொறாமையாகக் கூட இருக்கிறது.

ஜன்னலில் நின்ற பையன்

பட்டறையில் இப்படி அமைதியாக இருந்தவர், எப்போதும் அமைதியாகவே இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். துப்பாக்கி விளையாட்டுச் சாமான் அல்ல.

தாயாருக்கு வேண்டியவர் கொன்சீனி என்ற இத்தாலிக்காரர். ஆட்சியே அவர் கையில் என்று சொல்லும்படி ஆகிவிட்டது. அரசரை அவர் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. 1617-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 24-ந் தேதி கொன்சீனி லூவர் அரண்மனைக்குள் நுழையும்போது, அரசரின் காவல் தலைவரும் ஆட்களும் வழி மறித்துச் சுட்டுக் கொன்றார்கள். உத்தரவு கொடுத்தவர் லூயி. அப்போது அவருக்கு வயது பதினைந்து.

வெடிச் சத்தம் கேட்டதும் அவர் தமக்குப் பிடித்த துப்பாக்கியைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்றும், ஜன்னலில் தோன்றி, "இப்போதுதான் நான் ராஜா" என்று கூவினார் என்றும் அந்தக் காலத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எண்ணெய் போட்டுத் துடைத்த அதே கை!

பத்து ஆண்டுகள் கழித்து லா ரோஷெல் என்ற துறைமுக நகரம் எதிர்த்து நின்றது. அங்கே இருந்தவர்கள் புராட்டஸ்டண்டு மதத்தினர். 1627-ம் ஆண்டில் தொடங்கிய முற்றுகை 1628-ம் ஆண்டு அக்டோபர் மாதம் வரை நீடித்தது. மந்திரி ரிஷ்லியூவின் யோசனைப்படி கடலுக்குக் குறுக்கே அணை போட்டு உணவு வரும் வழியை அடைத்தார்கள். சுமார் 27,000 பேர் இருந்த ஊரில் கடைசியில் ஏறத்தாழ 5,000 பேர்தான் மிஞ்சினார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் பட்டினியிலும் நோயிலும் மடிந்தார்கள். மன்னர் அந்தப் பாசறையிலேயே பல மாதம் இருந்தார். நாட்குறிப்பு எழுதிய வைத்தியர் ஹெரோவார் இறந்ததும் அந்த முற்றுகையின்போதுதான்.

ஆகவே "துப்பாக்கி சேர்த்த நல்ல ராஜா" என்று இவரைத் தூக்கி வைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. அவருடைய சந்தோஷம் உண்மை. லா ரோஷெல் பிணங்களும் உண்மை.

சின்ன வீடு

அவர் சந்தோஷத்தைத் தேடிய இன்னோர் இடத்தையும் சொல்ல வேண்டும். பாரிசுக்கு வெளியே காட்டுக்கு நடுவே வேட்டைக்குப் போனால் தங்குவதற்காக 1623-ம் ஆண்டில் சிறியதாக ஒரு வீடு கட்டச் சொன்னார். ராணிக்கு என்று அதில் தனி அறை கூட இல்லை. வேட்டை முடிந்தால் சில நண்பர்களோடு அங்கே தங்குவார். சாதாரணப் பிரபு கூட இப்படி ஒரு வீட்டைக் கட்டிவிட்டுப் பெருமைப்பட மாட்டான் என்று அரண்மனைப் பிரமுகர் ஒருவர் பரிகாசம் செய்தார். மன்னர் அதைச் சட்டை செய்யவில்லை. அந்த இடத்தின் பெயர் வெர்சேல்ஸ்.

ஆமாம், உலகப் புகழ் பெற்ற அதே வெர்சேல்ஸ்தான். பொன்னும் கண்ணாடியுமாக அதைப் பிரமாண்டமான அரண்மனை ஆக்கியவர் மகன் 14-ம் லூயி. தகப்பனுக்குப் போதும் என்று இருந்தது மகனுக்குப் போதவில்லை.

வீட்டில் "போதும்" என்றவர் துப்பாக்கியில் ஏன் "போதும்" என்று சொல்லவில்லை? இதை நான் பல நாள் யோசித்தேன். எனக்குப் புத்தகப் பைத்தியம் உண்டு. அலமாரியில் இருப்பவற்றில் பாதியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் ஏச்சு வாங்குகிறேன், நியாயம்தான். லூயியின் அறையில் பிரித்துப் பார்க்காத துப்பாக்கி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எத்தனை இருந்தாலும் ஒவ்வொன்றின் உள்ளும் புறமும் அவர் கைக்குத் தெரியும். ராஜ்யத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அதை ரிஷ்லியூ 1624-ம் ஆண்டு முதல் 18 ஆண்டுகள் நடத்தினார். மனைவி அன்னாவோடும் மனம் ஒட்டவில்லை. கல்யாணம் ஆகி 23 ஆண்டுகள் கழித்துத்தான் முதல் பிள்ளை பிறந்தது. தாயாரோடு தீராத சண்டை. கடைசியில் அந்த அம்மாள் அந்நிய நாட்டில் இறந்தார். மனிதர்கள் திறந்து பார்க்க முடியாதவர்களாக இருந்தார்கள். துப்பாக்கிக்குத் திருகு இருந்தது.

உடல்நிலையும் ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. குடலில் ஓயாத நோவு. 1643-ம் ஆண்டு மே மாதம் 14-ந் தேதி இறந்தார். தகப்பனார் குத்துப்பட்டுச் செத்த அதே தேதி. வயது 41. வாரிசுப் பிள்ளைக்கு இன்னும் ஐந்து வயது நிறையவில்லை.

கணக்கெடுத்தார்கள்

மகன் 14-ம் லூயி துப்பாக்கிகளைக் கழற்றிப் பார்க்கிற ஆள் அல்ல. ஆனால் அவர் காலத்தில் அரண்மனைச் சொத்து எல்லாவற்றுக்கும் ஒழுங்காகக் கணக்கு எழுதினார்கள். 1673-ம் ஆண்டில் துப்பாக்கிகளின் முறை வந்தது. நம் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் கால் ஊன்றத் தொடங்கியதும் அந்தச் சமயத்தில்தான். எண்ணிப் பார்த்ததில் முந்நூறுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றின் அடிக்கட்டையிலும் ஓர் எண்ணை முத்திரையாகப் பதித்தார்கள். பெயர் தெரிந்தவர் போய்விட்டார், எண் வந்தது.

அதற்குப் பிறகு அவை பாரிசில் அரசாங்கப் பொருள் கிடங்கில் கிடந்தன. 1789-ம் ஆண்டு ஜூலை மாதம் 13-ந் தேதி ஜனங்கள் ஆயுதம் தேடி அந்தக் கிடங்குக்குள் புகுந்தார்கள். கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். சயாம் தேசத்து ராஜா எப்போதோ அன்பளிப்பாக அனுப்பிய இரண்டு சிறு பீரங்கிகளும் அங்கே இருந்தன. வெள்ளி வேலைப்பாடு செய்தவை. மறுநாள் பாஸ்டில் சிறைக் கோட்டையைத் தாக்க அவற்றையும் இழுத்துக்கொண்டு போனார்கள். கிடங்கில் மிச்சம் இருந்த துப்பாக்கிகளில் பல, 1815-ம் ஆண்டில் நெப்போலியன் தோற்றுப் பாரிசில் அந்நியப் படைகள் புகுந்தபோது சிதறின.

சிதறியவை நாடு நாடாகப் போயின. பிரபுக்கள் வீட்டுக்கும், சேகரிப்பாளர்கள் கைக்கும், ஏல மண்டபங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. நூறு, இருநூறு ஆண்டுகள் கழித்து யாராவது பழைய துப்பாக்கி ஒன்றைத் திருப்பிப் பார்ப்பார். அடியில் ஓர் எண் தெரியும். 1673-ம் ஆண்டுக் கணக்கைப் புரட்டிப் பார்த்தால் அது யாருடைய துப்பாக்கி என்று விளங்கிவிடும். கணக்குப்பிள்ளைகள் அன்று பதித்த எண்தான் இன்று அடையாளம்.

பாரிசில் ராணுவ அருங்காட்சியகத்தில் சில துப்பாக்கிகள் இருக்கின்றன. லே பூர்ஷுவா பட்டறைத் துப்பாக்கி ஒன்று ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து ஹெர்மிட்டேஜில் இருக்கிறது. இன்னொன்றை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 1972-ம் ஆண்டில் வாங்கியது. வெள்ளியும் முத்துச்சிப்பியும் இழைத்தது. கட்டையின் அடியில் 134 என்ற எண் இருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். தொடக் கூடாது. அதைத் துடைத்துப் பராமரிக்க அங்கே சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.